வேனுக்குள் ஒரு மஞ்சள் சுடர்

கல்வெட்டு பார்க்கப் போகிறவனுக்கு கேஸ் அடுப்பைப் பற்றி எழுத என்ன வேலை என்று கேட்கலாம். போன ஐப்பசியில் நடந்த ஒரு விஷயம்தான் காரணம். அதற்குப் பிறகு ஒரு மாதம் கல்வெட்டை விட்டுவிட்டு இந்த அடுப்பைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

என்னிடம் ஒரு பழைய 12 சீட்டு வேன் இருக்கிறது. பின்சீட்டுகளைக் கழற்றிவிட்டு ஒரு கட்டில், ஒரு அலமாரி, இரண்டு பர்னர் கேஸ் அடுப்பு, 5 கிலோ சிலிண்டர் என்று தாராசுரத்தில் தெரிந்த ஒரு ஆசாரியை வைத்துச் செய்துகொண்டது. டிசைன் முழுக்க என்னுடையது, அதனால் பழி போட ஆளில்லை. சனி ஞாயிறுகளில் அப்பாவையும் கூட்டிக்கொண்டு புள்ளமங்கை, திருவலஞ்சுழி, மேலப்பழுவூர் என்று கிளம்பிவிடுவோம். எங்கள் ஊர் ஐராவதேசுவரர் கோயிலில் இரண்டாம் ராஜராஜன் காலத்து மண்டபம் ஒன்று சக்கரமும் குதிரையும் பூட்டிய தேராகவே நிற்கிறது. எண்ணூறு வருஷமாக நகராத வண்டி, ஒரு ரிப்பேரும் கிடையாது. நம் வண்டி அப்படியில்லை.

அன்றைக்கு இரவு நல்ல மழை. வயல் ஓரமாக நிறுத்தியிருந்தோம். டெல்டாவில் ஐப்பசி மழையோடு கொசுவும் வரும் என்பதால் கண்ணாடியெல்லாம் ஏற்றி, மேலே இருந்த சின்ன ஜன்னலையும் சாத்திவிட்டேன். வெந்நீர், பால், கொஞ்சம் ரவை உப்புமா என்று முக்கால் மணி நேரம் அடுப்பு எரிந்திருக்கும். அப்பா, "தலை பாரமா இருக்குடா, கொஞ்சம் குமட்டுது" என்றார். வெயிலில் அலைந்ததாக இருக்கும் என்றேன். அன்று வெயிலே அடிக்கவில்லை என்பது அப்போது தோன்றவில்லை. குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய் நின்றார், அரை மணியில் சரியாகிவிட்டது. காலையில் பாத்திரம் துலக்கும்போது பால் காய்ச்சிய சட்டியின் அடியில் கரி. அதைப் பார்த்ததும்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அடுப்புக்கரி இல்லை, விறகு இல்லை. கேஸ் அடுப்பில் கரி பிடிக்கக்கூடாது.

கரி பிடிக்கிறது என்றால் எரிவாயு முழுசாக எரியவில்லை என்று அர்த்தம். ஒரு லிட்டர் ப்ரொப்பேன் முழுதாக எரிய ஏறத்தாழ 24 லிட்டர் காற்று வேண்டும், பியூட்டேனுக்கு 31 லிட்டர். நம் சிலிண்டரில் வருவது இந்த இரண்டும் கலந்த கலவை. காற்று குறைந்தால் கார்பன் பாதி எரிந்து கரித்துகளாகிறது. அந்தத் துகள்கள் சூட்டில் ஒளிர்வதுதான் மஞ்சள் சுடர். கூடவே கார்பன் மோனாக்சைடும் வருகிறது. அதற்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். முதல் அறிகுறி தலைவலி, அடுத்தது குமட்டல். அப்பா சொன்ன இரண்டும் அதேதான். அன்று அவர் வெளியே போகாமல் படுத்துத் தூங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றைக்கும் முழுதாக யோசிக்க மனசு வரவில்லை.

சரி, அடுப்புக்கு வருவோம்.

வீடு வந்ததும் வேனை மரத்தடியில் நிறுத்தி, கதவெல்லாம் திறந்துவிட்டு இரண்டு பர்னரையும் பற்றவைத்தேன். வலது பக்கச் சின்ன பர்னர் மஞ்சளாக, சோம்பலாக ஆடியது. இடது பக்கப் பெரியது நீலம்தான், ஆனால் முழுசாகத் திருப்பினாலும் சுடர் எழும்பவில்லை. இரண்டிலும் கோளாறு என்றால் இரண்டுக்கும் பொதுவான இடத்தில்தான் பிழை இருக்கவேண்டும் என்று எந்த ப்ரோக்ராமரும் நினைப்பான். நானும் நினைத்தேன். சிலிண்டர், ரெகுலேட்டர், டியூப், இந்த மூன்றில் ஒன்று. சந்தேகம் ரெகுலேட்டர் மேல் விழுந்தது. மாற்றிப் பார்த்தேன், ஒரு வித்தியாசமும் இல்லை.

ஊகத்தில் பொருள் மாற்றுவது நம் தொழிலில் கேவலமான பழக்கம். அளந்து பார்த்திருக்க வேண்டும். வீட்டு ரெகுலேட்டர் கொடுக்கவேண்டிய அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 30 கிராம். பார்க்க எதோ பெரிய ஆய்வகக் கருவி வேண்டும்போலத் தெரிகிறது. ஆனால் சதுர சென்டிமீட்டருக்கு 30 கிராம் என்பது 30 சென்டிமீட்டர் உயரத் தண்ணீரின் எடைதான், அவ்வளவே. கொத்தனார் மட்டம் பார்க்கும் கண்ணாடி டியூப் இரண்டு மீட்டர் வாங்கி, ஒரு பலகையில் ஆங்கில யூ எழுத்துபோல வளைத்துக் கட்டி, பாதிக்குத் தண்ணீர் ஊற்றி, ஸ்கூல் ஸ்கேல் ஒன்றைப் பக்கத்தில் ஒட்டினேன். அடுப்புக்குப் போகும் டியூபில் ஒரு டி-இணைப்பு வைத்து இதைச் சேர்த்தாயிற்று. திறந்தவெளியில், எல்லா இணைப்பிலும் சோப்பு நுரை தடவிப் பார்த்த பிறகுதான் பற்றவைத்தேன். அமெரிக்காவில் கேம்பர் வேன்காரர்கள் பார்ப்பது 11 அங்குலத் தண்ணீர், அதாவது 28 சென்டிமீட்டர். ஊர் வேறு, எண் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் பார்க்கவேண்டும். அடுப்பு மூடியிருக்கும்போது 32, ஒரு பர்னர் எரியும்போது 30, இரண்டும் எரியும்போது 29. பழைய ரெகுலேட்டரைத் திரும்ப மாட்டிப் பார்த்தாலும் அதே கதை. ஆக மேலே ஒரு குற்றமும் இல்லை, வீணாக ஒரு ரெகுலேட்டர் வாங்கியிருக்கிறேன். பிழை பொதுவான இடத்தில் இல்லையென்றால் மிஞ்சுவது ஒன்றுதான்: இரண்டு பர்னரிலும் தனித்தனியாக இரண்டு பிழைகள், ஒரே நேரத்தில். ஆபீஸிலும் இப்படி ஒருமுறை மூன்று நாள் போயிருக்கிறது.

அடுப்பைக் கவிழ்ப்பதற்கு முன் அது எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். குமிழுக்குப் பின்னால் ஒரு பித்தளை ஜெட், அதில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஓட்டை. தண்ணீர்க் கணக்கில் 30 சென்டிமீட்டர் அழுத்தம் அற்பமாகத் தோன்றும். ஆனால் கணக்குப் போட்டால் அந்த ஓட்டையில் வாயு வினாடிக்கு ஏறத்தாழ 50 மீட்டர் வேகத்தில் பாய்கிறது, மணிக்கு 180 கிலோமீட்டர். இந்த வேகம் எதிரே இருக்கும் கலவைக்குழாயில் பக்கத்துக் காற்றையும் இழுத்துக்கொண்டு நுழைகிறது. மோட்டாரும் இல்லை, விசிறியும் இல்லை. எரிவதற்கு வேண்டிய காற்றில் ஏறத்தாழ பாதி இப்படி உள்ளேயே கலந்துவிடுகிறது, மீதியைச் சுடர் தன்னைச் சுற்றியிருக்கும் இடத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. 1850களில் பன்சன் தன் ஆய்வகத்துக்காகச் செய்த பர்னரும் இதே தத்துவம்தான்.

அப்படியென்றால் நீலமாக ஆனால் குட்டையாக எரியும் பர்னருக்குக் காற்று சரி, வாயு குறைவு. மஞ்சளாக எரியும் பர்னருக்கு வாயு வருகிறது, காற்று குறைவு. சுடரின் நிறமே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது, நான்தான் அதைப் படிக்காமல் கடைக்கு ஓடினேன். இதில் ஒரு எச்சரிக்கை: நீலச் சுடருக்குள் அங்கங்கே ஆரஞ்சுப் பொறி பறந்தால் பயப்பட வேண்டாம், அது உப்பு அல்லது தூசி. அறுவடைக் காலத்தில் எங்கள் பக்கம் ரோட்டிலேயே நெல் காயும், வேனுக்குள் வராத தூசி இல்லை. பாத்திரத்தில் கரி பிடிக்கிறதா என்பதுதான் சோதனை.

சிலிண்டரைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு அடுப்பைக் கவிழ்த்தேன். இடது ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் ஓட்டை பிறைபோலத் தெரிந்தது. எண்ணெய்ப் பிசுக்கும், பழைய டியூபின் உள்ளே உதிர்ந்த ரப்பர்த் தூளும். ஊசி எடுத்துக் குத்தப் போனேன், நல்லவேளையாக அன்று கும்பகோணத்தில் அடுப்பு ரிப்பேர் செய்யும் பெரியவர் ஒருவரிடம் முதலில் கேட்டேன். "பம்ப் ஸ்டவ் பின்னு நெனச்சுக் குத்திராதீங்க சார், ஓட்டை பெருசாயிடும்" என்றார். "அப்ப எப்படி அண்ணே சுத்தம் பண்றது?" என்றதற்கு, மண்ணெண்ணெயில் ஒரு ராத்திரி ஊறவைத்து, சைக்கிள் பம்பில் பின்பக்கமிருந்து காற்றடிக்கச் சொன்னார். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 0.7 மில்லிமீட்டர் ஓட்டை 0.8 ஆனால், விட்டம் ஒரு துளிதான் கூடியிருக்கிறது, ஆனால் பரப்பு 30 சதவீதம் கூடிவிடுகிறது. அவ்வளவு வாயுவுக்குக் காற்று பத்தாது, நீல பர்னரையும் மஞ்சளாக்கியிருப்பேன். பெரியவர் எந்தச் சூத்திரமும் போடவில்லை.

வலது பக்கம் ஜெட் சுத்தமாக இருந்தது. கலவைக்குழாய்க்குள் டார்ச் அடித்தால் மறுமுனை தெரியவில்லை. குச்சியை விட்டேன், காய்ந்த மண் உதிர்ந்தது. குளவிக்கூடு! பக்குவமாகத் தட்டி எடுத்ததில் மண் அறைக்குள் வரிசையாக ஏழெட்டு வற்றிய சிலந்திகள். குளவி புழுவைக் கொட்டிக் கொட்டிக் குளவியாக்கும் என்று நம் பெரியவர்கள் உவமை சொல்வார்கள். உண்மையில் அந்த இரை, முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்குச் சாப்பாடு. தாய்க்குளவி சிலந்தியைக் கொல்லாமல் செயலிழக்கச் செய்து, முட்டையிட்டு, மண்ணால் மூடிவிடுகிறது. வேன் இரண்டு மாதம் சும்மா நின்றிருந்தது, விரல் நுழையும் அகலத்தில் இருட்டான ஒரு குழாய், குளவிக்கு வேறென்ன வேண்டும்? வெளிநாட்டிலும் இதே தொல்லை உண்டு. 2011ல் மாஸ்டா நிறுவனம் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தது, பெட்ரோல் டேங்கின் காற்றுக்குழாயில் ஒருவகை மஞ்சள் சிலந்தி வலை பின்னியதற்காக.

பர்னர் தலைகளைப் புளித்தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்தோம், அது அப்பா பொறுப்பு. எல்லாம் மாட்டி, இணைப்புகளில் மறுபடி சோப்பு நுரை. இங்கேதான் மூன்றாவது பிழை, நான் தேடவே தேடாத ஒன்று. குமிழ்கள் திருகியிருக்கும் குழாயில் ஒரு நட்டு லூசாகி மெல்ல நுரைத்தது. வீட்டு அடுப்பு மேடையை விட்டு நகராது, வேன் அடுப்பு எங்கள் கிராமத்து ரோட்டில் குலுங்கிக்கொண்டே இருக்கிறது. நட்டை இறுக்கிவிட்டேன். இப்போது ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் நுரைச் சோதனை உண்டு. தீக்குச்சி கொளுத்திக் கசிவு பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதால் சொல்லிவைக்கிறேன், அதைச் செய்யாதீர்கள்.

கசிவு வேனில் ஏன் வீட்டைவிட மோசம் என்றால், ப்ரொப்பேன் காற்றைப்போல ஒன்றரை மடங்கு எடை, பியூட்டேன் இரண்டு மடங்கு. மேலே போகாது, தரையில் தண்ணீர்போலத் தேங்கும். என் வேனின் தரையோ ப்ளைவுட் போட்டு இடுக்கெல்லாம் அடைத்தது. சிலிண்டர் கட்டிலுக்கு அடியில். அப்படி ஒரு டிசைனைச் செய்துவிட்டு இரண்டு வருஷம் அதன் மேலேயே படுத்துத் தூங்கியிருக்கிறேன். 2023 ஆகஸ்ட் 26 விடியற்காலை மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டி எரிந்து 9 பேர் இறந்தது நினைவிருக்கும். உத்தரப் பிரதேசத்திலிருந்து கோயில் பார்க்க வந்தவர்கள், விதியை மீறி ஏற்றியிருந்த சிலிண்டரில் சமைக்க முயன்றபோது பிடித்த தீ. செய்தியைப் படித்தபோது என்ன அசட்டுத்தனம் என்று நினைத்தேன். நானும் கோயில் பார்க்க, மூடிய பெட்டிக்குள் அடுப்போடு சுற்றிக்கொண்டிருந்தவன்தான்.

இலங்கையில் 2021 கடைசியில் வீடு வீடாக கேஸ் விபத்துகள் நடந்ததையும் அப்போது தேடிப் படித்தேன். ஜனாதிபதி அமைத்த குழு, சிலிண்டரில் ப்ரொப்பேன்–பியூட்டேன் விகிதம் மாற்றப்பட்டதைக் காரணமாகச் சுட்டியது. ப்ரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதிக்கும், பியூட்டேன் பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே. ப்ரொப்பேன் கூடினால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும், அதுவரை தாக்குப்பிடித்த நைந்த வாஷரும் டியூபும் கசிய ஆரம்பிக்கும். குளிர்நாட்டு கேம்பர்காரர்கள் ப்ரொப்பேனையே வைத்திருப்பதற்கும் இந்தக் கொதிநிலைதான் காரணம். பனியில் பியூட்டேன் திரவமாகவே உட்கார்ந்துவிடும். தாராசுரத்தில் அந்தக் கவலை இல்லை.

சிலிண்டரை இப்போது பின்கதவுப் பக்கம் தனிப் பெட்டியில் வைத்தாயிற்று. உள்பக்கம் அடைப்பு, அடியில் வெளியே திறக்கும் ஓட்டைகள். டியூப் ஆரஞ்சு நிற சுரக்‌ஷா டியூப், 5 வருஷத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும் என்பதால் வாங்கிய தேதியைப் பெட்டி மேலேயே பெயிண்டில் எழுதியிருக்கிறேன். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று தலைமாட்டில். வண்டி ஓடும்போது சிலிண்டர் மூடியே இருக்கும். கசிவு வாடை வந்தால் 1906 என்ற எண்ணுக்குக் கூப்பிடலாம் என்று கதவில் ஒட்டியாயிற்று. சமையலும் இனிமேல் பின்கதவைத் திறந்துவைத்துத்தான், கொசு கடித்தால் கடிக்கட்டும்.

போன வாரம் வலது பர்னரில் முதல் காப்பி. சுடர் நல்ல நீலம், சட்டியின் அடி பளபளவென்று இருந்தது. அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, "அடுப்பு சரியாயிடுச்சு, டிகாஷன்தான் தண்ணியா இருக்கு" என்றார். வேனை நிறுத்தும்போதெல்லாம் குழாய் வாயில் ஒரு பழைய காடாத் துணியைச் செருகிவிடுகிறேன். பற்றவைக்கும் முன் அதை உருவ மறந்துவிடக்கூடாது என்பதற்காக, துணியின் மறுமுனையைக் குமிழில் கட்டிவைத்திருக்கிறேன்.