காலக் கப்பலின் தூணும் கோலார்ச் சுரங்கமும்

காலத்தைக் கடந்து செல்லவேண்டும் என்னும் அவா மனிதனுக்குப் புதிதன்று. தன் மகள் ரேவதிக்குத் தக்க மணாளன் யார் என வினவும்பொருட்டுப் பிரம்மலோகம் சென்ற ககுத்மி என்னும் அரசன், அங்குச் சிறிது பொழுதே தங்கித் திரும்பியபோது பூவுலகில் பல யுகங்கள் கழிந்திருந்தன என்று புராணம் கூறும். பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகம் 1963-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் தொடங்கிய ‘டாக்டர் ஹூ’ என்னும் தொலைக்காட்சித் தொடரில் இதே அவா வேறோர் உருவம் பெற்றது. அத்தொடரில் வரும் ‘டார்டிஸ்’ என்னும் கப்பல், வெளித் தோற்றத்தில் போலீசாரின் தொலைபேசிக் கூண்டு. உள்ளேயோ ஒரு பெரும் மண்டபம். மண்டபத்தின் நடுவே அறுகோண மேடை ஒன்றும், அதன் மையத்தில் கண்ணாடித் தூண் ஒன்றும் அமைந்துள்ளன. கப்பல் காலத்தினூடே செல்லும்போது அத்தூண் மேலும் கீழுமாக அசையும். ‘காலச் சுழலி’ என்னும் பொருள்படும் பெயர் அதற்கு வழங்குகிறது.

இத்தகைய உறுப்பு ஒன்றை உண்மையில் அமைக்க இயலுமா என்று வினவுவோர் உளர். கடந்த காலத்திற்குச் செல்ல வழி உண்டென்று இதுவரை எந்தச் சோதனையும் காட்டவில்லை. ஆயின், தனக்குச் சிறிது நேரமும் பிறர்க்கு நெடுநேரமும் கழிகின்ற ககுத்மியின் பயணம் இயற்கையில் இடையறாது நிகழ்ந்துகொண்டே இருக்கிறது. அதற்குத் தூணும் வேண்டா, மேடையும் வேண்டா. வேகம் ஒன்றே போதும். அவ்வாறு பயணம் செய்யும் நுண்துகள்களைப் பூமியின் ஆழத்தில் எண்ணிக் கணக்கிட்ட பெருமை, தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் உழைத்த கோலார் தங்க வயலுக்கு உண்டு.

நுண்துகளே கடிகாரம்

விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்று மண்டலத்தின் மேற்பகுதியில் அணுக்கருக்களைத் தாக்கும்போது மியூவான் என்னும் துகள்கள் தோன்றுகின்றன. ஏறத்தாழ 15 கிலோமீட்டர் உயரத்தில் இவை பிறக்கின்றன. அசையாதிருக்கும் மியூவானின் சராசரி ஆயுள், ஒரு விநாடியைப் பத்து லட்சம் கூறுகளாக்கினால் அவற்றில் 2.2 கூறு மட்டுமே. ஒளியின் வேகத்திலேயே சென்றாலும் இந்நேரத்தில் 660 மீட்டர் தூரந்தான் செல்லலாம். இக்கணக்கின்படி தரையை எட்டும் மியூவான்கள் அரிதினும் அரிதாகவே இருத்தல் வேண்டும். ஆயினும், நாம் உள்ளங்கையை விரித்து நிற்பின், விநாடிக்கு ஏறத்தாழ ஒரு மியூவான் அதனை ஊடுருவிச் செல்கிறது.

இம்முரண்பாட்டிற்கு விடை, ஐன்ஸ்டைன் 1905-ஆம் ஆண்டில் வெளியிட்ட சார்பியல் கொள்கையில் இருக்கிறது. விரைந்து செல்லும் கடிகாரம், நிலையாக நிற்பவரின் கணக்கில் மெதுவாக ஓடும் என்பது அக்கொள்கையின் முடிபு. சிதைந்து மறையும் இத்தகைய துகளையே ஒரு கடிகாரமாகக் கொள்ளலாம் என்றும், ஆகவே அது விரைந்து செல்லும்போது அதன் ஆயுள் நீளும் என்றும் 1938-ஆம் ஆண்டில் எடுத்துக் காட்டியவர் நம் நாட்டு விஞ்ஞானி ஹோமி பாபா ஆவார். 1941-ஆம் ஆண்டில் ரோசி, ஹால் என்னும் இருவர் அமெரிக்காவின் கொலராடோ மலைப் பகுதியில் இரு வேறு உயரங்களில் அளவெடுத்து, வேகம் மிகுந்த துகள்கள் தாமதமாகவே சிதைகின்றன என்று கண்டனர். 1970களில் ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் வளையம் ஒன்றினுள் சுழலவிடப்பட்ட மியூவான்கள் 29 மடங்கு நீண்ட ஆயுள் பெற்றன. கொள்கை கூறிய அளவும் அதுவே.

பாறைக்குக் கீழே

பாபா 1945-ஆம் ஆண்டில் நிறுவிய டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையம், 1950களின் தொடக்கத்தில் கோலார்ச் சுரங்கத்தை நாடியது. பூமியின் ஆழம் செல்லச் செல்ல மியூவான்கள் எவ்வளவு குறைகின்றன என்பதை பி. வி. ஸ்ரீகண்டன் அங்கு அளக்கத் தொடங்கினார். ஜான் டெய்லர் கம்பெனியார் 1880-ஆம் ஆண்டில் பணி தொடங்கிய அச்சுரங்கங்கள், பிற்காலத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டியவை. வட ஆற்காடு, சேலம், சித்தூர் ஜில்லாக்களிலிருந்து வந்து குடியேறிய தொழிலாளர், கடும் வெப்பத்தையும் திடீர்ப் பாறை வெடிப்பையும் பொருட்படுத்தாது வெட்டிய வழிகளே விஞ்ஞானிகளுக்கும் வழியாயின. தங்கத்திற்காக இறங்கிய கூண்டுகளிலேயே ஆய்வுக் கருவிகளும் இறங்கின.

ஒரு லட்சம் கோடி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் கொண்ட மியூவானின் ஆயுள் ஒன்பதாயிரம் மடங்குக்கு மேல் நீளும். அதனினும் பன்மடங்கு ஆற்றல் உள்ளவையே இரண்டு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பாறையைக் கடந்து வருதல் கூடும். அப்பாறையினுள் மியூவானைத் தடுத்து நிறுத்துவது அதன் ஆயுள் முடிவன்று. வழியில் அது இழக்கும் ஆற்றலே. ஆழம் மிகுந்தோறும் எண்ணிக்கை விரைந்து குறைந்தது. 1960களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 2,760 மீட்டர் ஆழத்தில் வைக்கப்பட்ட கருவி, இரண்டு மாத காலம் காத்திருந்தும் ஒரு மியூவானையும் பதிவு செய்யவில்லை.

இம்மௌனம் தோல்வியன்று. மேலிருந்து வரும் மியூவான்களின் இரைச்சல் அடங்கிய இடத்திலேதான், யாவற்றையும் ஊடுருவிச் செல்லும் நியூட்ரினோ என்னும் துகளின் அடையாளத்தைக் காணலாம். நியூட்ரினோ எப்பொழுதேனும் பாறையிலுள்ள அணுக்கருவைத் தாக்கி மியூவான் ஒன்றைத் தோற்றுவிக்கும். பக்கவாட்டில் பாறையின் தடிப்பு மிகப் பெரிது. ஆதலால் அத்திசையிலிருந்து வரும் மியூவான், அருகிலேயே நியூட்ரினோவால் தோற்றுவிக்கப்பட்டதாதல் வேண்டும். இக்கருத்தைக் கொண்டு, டாடா நிலையத்தாரும், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக் கழகத்தாரும், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக் கழகத்தாரும் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளைச் சுவர்போல் நிறுத்தி வைத்தனர். துகள் பட்டதும் ஒளிவிடும் பிளாஸ்டிக் தகடுகளும், துகள் சென்ற தடத்தைக் காட்டும் நியான் குழாய்களும் அவற்றில் இருந்தன. காற்று மண்டலத்தில் பிறந்த நியூட்ரினோக்களின் விளைவைக் கண்டதாக 1965-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அவர்கள் வெளியிட்டனர். தென் ஆப்பிரிக்கச் சுரங்கம் ஒன்றில் ஆராய்ந்த மற்றொரு குழுவின் அறிக்கையும் சில வார இடைவெளியில் வெளிவந்தது.

துகளுக்கும் காலம் கழிகிறது

நியூட்ரினோவுக்குப் பொருண்மை இல்லை என்றே அக்காலத்தில் பெரும்பாலோர் கருதினர். பொருண்மையற்ற துகள் ஒளியின் வேகத்திலேயே செல்லவேண்டும். அதன் கடிகாரம் ஓடுவதே இல்லை. ஆனால் 1998-ஆம் ஆண்டில் ஜப்பானின் கமியோக்கா சுரங்கத்தில் அமைந்த ஆய்வுக் கூடத்தினர், கோலாரில் காணப்பட்ட அதே இன நியூட்ரினோக்கள் செல்லும் வழியிலேயே ஒரு வகையிலிருந்து மற்றொரு வகையாக மாறுகின்றன என்று அறிவித்தனர். மாறும் பொருளுக்குக் காலம் கழிகிறது. ஆகவே நியூட்ரினோவுக்கும் சிறிதேனும் பொருண்மை உண்டு. இக்கண்டுபிடிப்பு 2015-ஆம் ஆண்டின் நோபெல் பரிசில் பங்கு பெற்றது.

இவை விஞ்ஞானிகளுக்கு மட்டுமே உரிய செய்திகள் அல்ல. இடங்காட்டும் செயற்கைக் கோள்களின் கடிகாரங்கள், வேகத்தால் சிறிது பின்தங்கியும், உயரத்தில் பூமியின் ஈர்ப்பு குறைவதால் அதனினும் மிகுதியாக முந்தியும் ஓடுகின்றன. இவ்வேறுபாட்டைத் திருத்தாவிடில், அவை காட்டும் இடம் நாளொன்றுக்குப் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் பிழைபடும். விண்வெளி நிலையத்தில் ஆறு மாதம் தங்கித் திரும்பும் வீரர், நம்மினும் ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஐந்து பங்கு அளவு இளையவராகத் திரும்புகிறார். ககுத்மியின் யுகங்களோடு ஒப்பிடின் இது அற்பமே. எனினும் இது மெய்.

கோலார்த் தங்கச் சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டன. நீர் இறைக்கும் பணி நின்றபின் ஆழ்ந்த தளங்கள் வெள்ளத்தில் மூழ்கின. அங்கு எடுத்த தங்கத்தின் கணக்கு ஏடுகளில் இருக்கிறது. தங்கத்தினும் அரிய மற்றொன்றும் அவ்விடத்திலிருந்து உலகிற்குக் கிடைத்தது என்பதையும், அதற்கு வழி வெட்டிய கைகள் யாருடையவை என்பதையும் நம் மாணவர்கள் அறிதல் வேண்டும்.