ஸ்கேன் சரியாக இருக்கிறது. தலைவலி ஏன் போகவில்லை?

கொல்லிமலையில் மிளகு பறிக்க ஏணி சாத்தி மரமேறுகிறவர்கள் தவறி விழுவதுண்டு. முள்ளுக்குறிச்சி வழியாகவும், காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் மலையேறும் பைக்குகள் சறுக்குவதுண்டு. தலையில் அடிபட்டு, ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று வீடு திரும்பியவர், ஒரு மாதம் கழித்தும் தலைவலி, கிறுகிறுப்பு, மறதி, எரிச்சல், தூக்கமின்மை என்று தவிக்கலாம். அவர் நடிக்கவில்லை. ஸ்கேன் காட்டுவது ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும்தான். அடியில் மூளை குலுங்குவதால் வரும் மூளை அதிர்ச்சியில் (concussion) கெடுவது நரம்பு செல்களின் இயக்கம்; அது படத்தில் தெரியாது.

எத்தனை நாள் ஓய்வு?

அடிபட்ட முதல் 1, 2 நாள் போதும். அப்போதும் வீட்டுக்குள் நடமாடலாம். செல்போனையும் டிவியையும் குறைக்க வேண்டும். வாரக்கணக்கில் இருட்டறையில் படுப்பது குணத்தைத் தள்ளிப்போடும். 2022-இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய மூளை அதிர்ச்சி வல்லுநர்களும் இதையே வலியுறுத்தினார்கள்.

பிறகு?

சமதரையில் மெதுவாக நடக்கத் தொடங்குங்கள். வலிக்கு 10-க்கு மதிப்பெண் போடுங்கள். 3 என்றிருந்த வலி 5-ஐத் தாண்டினால் நிறுத்தி, அடுத்த நாள் சற்றுக் குறைவாக நடங்கள். பள்ளிப் பிள்ளைக்கு முதலில் அரை நாள் வகுப்பு, இடையிடையே ஓய்வு.

தொல்லைக்கேற்ற சிகிச்சை

படுக்கையில் புரளும்போது சில நொடி உலகமே சுற்றினால், உட்காதில் நுண்படிகங்கள் இடம் மாறியிருக்கலாம். மருத்துவர் தலையை முறையாகத் திருப்பியே பெரும்பாலும் சரிசெய்துவிடுவார். தள்ளாட்டத்துக்கும் கழுத்து வலிக்கும் இயன்முறைப் பயிற்சி உண்டு. மனச்சோர்வுக்கு ஆலோசனை உதவும். தினமும் வலி மாத்திரை போட்டால், அதுவே தலைவலியை நீடிக்கச் செய்யும்.

செய்யக்கூடாதவை

மருத்துவர் அனுமதிக்கும்வரை மரமேறாதீர்கள், வண்டி ஓட்டாதீர்கள். முதல் அடி ஆறுமுன் விழும் இரண்டாம் அடி ஆபத்தானது. மது வேண்டாம்.

உடனே 108

திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினாலும் எழாத மயக்கம், கைகால் பலவீனம், குழறும் பேச்சு: இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காதீர்கள். சாலை விபத்தென்றால், ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கட்டணமில்லை.

பெரும்பாலோர் ஒரு மாதத்துக்குள் தேறிவிடுகிறார்கள். அதற்கு மேலும் தொல்லை நீடித்தால் நாமக்கல் அல்லது சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டுங்கள். வீட்டிலிருப்பவர்களே, அவரைச் சோம்பேறி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.