மழை பெய்தால் தீவாகும் சடையங்குப்பம்!

புழல் ஏரி நிரம்பினால் நகரத்துக்குக் கொண்டாட்டம். இந்த ஊருக்குத் திண்டாட்டம்

சென்னையில் வசிப்பவர்களில் எத்தனை பேர் சடையங்குப்பத்தைப் பார்த்திருப்பார்கள்? "அது எங்கே இருக்கிறது?" என்று கேட்பவர்களே அதிகம்.

திருவொற்றியூருக்கு மேற்கே பக்கிங்காம் கால்வாயைத் தாண்டினால் இந்தச் சிற்றூர் வந்துவிடும். ஒரு பக்கம் மணலி ஆலைகளின் புகைபோக்கிகள். மறு பக்கம் எண்ணூர் உப்பங்கழி. 2011-ம் ஆண்டு சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்ட 25 கிராம ஊராட்சிகளில் இதுவும் ஒன்று.

படகு ஓடிய கால்வாய்

ஊருக்குக் கிழக்கே கிடக்கும் கால்வாய்க்குப் பெரிய சரித்திரம் உண்டு. 1806-ல் முதன் முதலாக வெட்டப்பட்ட பகுதியே சென்னையிலிருந்து எண்ணூர் வரை உள்ள இந்தப் பகுதிதான். உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் ஒரு காலத்தில் இதன் வழியே சென்றன. இன்று படகும் இல்லை. தெளிந்த நீரும் இல்லை.

பர்மா நகர்

இங்கே 'பர்மா நகர்' என்று ஒரு குடியிருப்பு இருக்கிறது. பெயரே கதையைச் சொல்லிவிடும். 1962-ல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்தது. 1964-ல் கடைகள் அரசுடைமையாயின. பல தலைமுறையாகத் தேடிய சொத்தை விட்டுவிட்டு, தமிழர்கள் கப்பலேறித் தாயகம் திரும்பினார்கள். வட சென்னையில் பலர் குடியேறினர்.

இருளர் காலனியும் இங்கே உண்டு. எண்ணூர்க் கழியில் வலையில்லாமல், சேற்றில் கையால் தடவியே இறால் பிடிப்பதில் இருளர்கள் சமர்த்தர்கள்.

எங்கிருந்து வருகிறது வெள்ளம்?

புழல் ஏரியின் கொள்ளளவு 330 கோடி கன அடி. அது நிரம்பினால் உபரி நீரைத் திறந்தாக வேண்டும். அந்த நீர் வடகரை, வடபெரும்பாக்கம், கொசப்பூர், மணலி வழியாக சடையங்குப்பத்துக்கு வந்து, பிறகே கடலுக்குப் போகிறது. பூண்டியில் திறக்கும் நீரும் கொசஸ்தலையாற்றில் புரண்டு இதே முகத்துவாரத்துக்குத்தான் வருகிறது. அந்தச் சமயம் பார்த்துக் கடலும் பொங்கினால்? வெள்ளம் வடிய வழியின்றி ஊருக்குள் புகுந்துவிடும்! 2021 நவம்பரில் இந்தப் பகுதியைத் தண்ணீர் சூழ்ந்தது.

2023 டிசம்பரில் வந்த சோதனை வேறு விதமானது. புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பேட்டையின் எண்ணெயும் கலந்து கால்வாயிலும் கழியிலும் பரவியது. தண்ணீர் வடிந்த பிறகும் கரையில் கறுப்புப் பிசுக்கு படிந்திருந்தது. மீனையும் இறாலையும் நம்பியவர்கள் பிழைப்பு பாழாயிற்று.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. உபரிக் கால்வாயின் கரைகளை உயர்த்திக் கட்ட வேண்டும். முகத்துவாரத்தில் மணல் சேர விடக்கூடாது. ஆலைக் கழிவு நீர்நிலையில் கலப்பதை அடியோடு நிறுத்த வேண்டும்.

"புழல் ஏரி நிரம்பியது" என்ற செய்தியைப் படித்ததும், 'இனித் தண்ணீர்ப் பஞ்சம் இல்லை' என்று நாம் மகிழ்கிறோம். மகிழ வேண்டியதுதான். ஆனால், நமக்கு மிஞ்சிய தண்ணீர் யார் வீட்டு வாசலுக்குப் போகிறது என்பதையும் ஒரு நிமிஷம் நினைத்துப் பார்ப்போம்!