சிப்பாயின் உடலுக்கு எத்தனை சதவீதம்?

பெங்களூரு ஜீவனஹள்ளியிலிருந்து அல்சூர் ஏரி அதிக தூரமில்லை. அந்தப் பக்கம்தான் 'தம்பிகள்' என்று பெயரெடுத்த மெட்ராஸ் சாப்பர்ஸின் தலைமையிடம். கன்டோன்மென்ட்டை ஒட்டி வளர்ந்த இந்தத் தமிழ்த் தெருக்களுக்குப் பட்டாளம் புதிதல்ல. ஆனால் உடல்நலக் குறைவால் 'போர்டு அவுட்' ஆகி வரும் ஜவானின் கையிலிருக்கும் மெடிக்கல் போர்டு அறிக்கை எளிதில் புரிகிற காகிதமல்ல. ஊனம் எத்தனை சதவீதம் என்பதைத்தான் வீட்டார் முதலில் தேடுவார்கள். அது பணியால் வந்ததா, பணியால் மோசமானதா என்ற குறிப்பும் அதே அளவுக்கு முக்கியம். இரண்டும் இல்லை என்று எழுதிவிட்டால் சதவீதம் எவ்வளவு இருந்தும் ஊன பென்ஷன் கிடைக்காது.

சிக்னல் படையில் 1985-இல் சேர்ந்த தரம்வீர் சிங்குக்கு நேர்ந்தது இதுதான். வலிப்பு நோயால் 1994-இல் அவரை வெளியே அனுப்பினார்கள். 20 சதவீத ஊனம் என்று ஒப்புக்கொண்ட போர்டு, பணிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று எழுதியது. 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சேரும்போது நோய் எதுவும் பதிவாகவில்லை என்றால், அவர் நல்ல உடலோடு சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும். மறுப்பவர்கள்தான் நிரூபிக்க வேண்டும் என்றது. பத்தொன்பது ஆண்டுகள் ஒரு சிப்பாய் காத்திருந்தது கொடுமை.

பணக் கணக்கைப் பார்ப்போம். முழு ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் ஊனத் தொகை. சம்பளம் 40,000 ரூபாய் என்றால் மாதம் 12,000. 20 சதவீத ஊனத்துக்கு 2,400. ஆனால் உடல்நலக் குறைவால் அனுப்பப்பட்டவரின் ஊனம் 50-க்குக் கீழே இருந்தால் அதை 50 என்று உயர்த்திக் கணக்கிடும் முறை 1996 முதல் உண்டு. அப்போது தொகை 6,000 ஆகிறது. போர்க் காயத்துக்கு இதைவிடக் கூடுதல்.

அமெரிக்காவில் முன்னாள் படைவீரருக்கு 60 சதவீதக் குறைபாடு ஒன்று இருந்து, அதனால் நிலையான வேலை பார்க்க முடியாவிட்டால், முழு ஊனத்துக்கான தொகையையே தருகிறார்கள். இங்கே அப்படியொரு ஏற்பாடு இல்லை. 50 சதவீதத்துக்கு மேல் ஊனமாகி வேலைக்கே தகுதியிழந்தவரின் குடும்பத்தில் இருவருக்கு வேலைவாய்ப்பு முன்னுரிமை உண்டு. வேலைக்குப் போக முடிந்தவருக்கு முன்னாள் படைவீரர் ஒதுக்கீடு இருக்கிறது. வேலை கிடைத்தது என்பதற்காக ஊனத் தொகை நிற்காது.

சதவீதத்தை வைத்து ஒருவரின் திறமையை அளந்துவிடவும் முடியாது. 1965 போரில் குண்டடிபட்ட முரளிகாந்த் பேட்கர், 1972-இல் ஹைடல்பெர்க் பாராலிம்பிக் நீச்சலில் தங்கம் வென்றார். புனேயில் டெல்கோ ஆலையில் வேலையும் பார்த்தார்.

சிவில் அரசு வேலையில் மாற்றுத்திறனாளி ஒதுக்கீடு கேட்பவருக்கு 40 சதவீத ஊனம் வேண்டும். அதற்கான சான்றிதழ் தனி. இராணுவ போர்டின் காகிதத்தை மட்டும் நம்பி விண்ணப்பிக்காமல், அரசு மருத்துவக் குழுவிடம் அதைத் தனியாக வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.