எழுதி வைத்தால் எழும் கிடங்கு

ஒரு பெரிய பேருந்துக் கழகம் ஒரே நாளில் கொடுக்கும் பயணச்சீட்டுகளை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு சீட்டிலும் தேதி, நேரம், வழித்தடம், ஏறிய இடம், இறங்கும் இடம், கட்டணம் என்று ஏழெட்டு விவரங்கள் இருக்கும். ஐந்தாறு ஆண்டுச் சீட்டுகளைச் சேர்த்தால் கணக்கு நூறு கோடிகளைத் தாண்டிவிடும். ‘மழை மாதங்களில் எந்த வழித்தடத்தில் வருமானம் சரிகிறது?’ என்று ஓர் அதிகாரி கேட்டால், பதில் சில நொடிகளில் வந்தாக வேண்டும். நடத்துநர்களின் கைக்கருவிகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் அன்றாடத் தரவுத்தளத்திடம் இதைக் கேட்டால் அது திணறிப்போகும். அந்தத் திணறலில் சீட்டுக் கொடுப்பதும் நின்றுபோகலாம்.

இத்தகைய கேள்விகளுக்கென்றே தனியாகக் கட்டப்படுவது தரவுக் கிடங்கு. ஐபிஎம் நிறுவனத்தைச் சேர்ந்த பாரி டெவ்லினும் பால் மர்ஃபியும் 1988-இல் எழுதிய கட்டுரையிலேயே அதன் வரைவு இருக்கிறது. இன்றைய கிடங்குகளின் வேகத்துக்குக் காரணம், தரவை அடுக்கும் முறை. ஒரு சீட்டின் எல்லா விவரங்களையும் சேர்த்து வைப்பதற்குப் பதிலாக, எல்லாச் சீட்டுகளின் கட்டணங்களையும் ஒரு நெடுவரிசையாகவும், எல்லாத் தேதிகளையும் இன்னொரு நெடுவரிசையாகவும் பிரித்து வைக்கிறார்கள். வருமானத்தைக் கூட்ட வேண்டுமென்றால் கட்டணமும் தேதியும் வழித்தடமும் போதும். மற்ற வரிசைகளை வட்டிலிருந்து படிக்கவே தேவையில்லை. ஒரே வகைத் தகவல் அடுத்தடுத்து வருவதால் அதைச் சுருக்கி வைப்பதும் எளிது.

இந்த வசதி நெடுங்காலம் பணக்கார நிறுவனங்களுக்கு மட்டுமே வாய்த்திருந்தது. தனி இயந்திரம் வாங்க வேண்டும், நிறுவ வேண்டும், அதைப் பராமரிக்க ஆள் வேண்டும். 2012 நவம்பரில் அமேசான், கிளவுடில் (அதாவது இணையவழி வாடகைக் கணினிகளில்) இயங்கும் ‘ரெட்ஷிஃப்ட்’ என்ற தரவுக் கிடங்கை அறிவித்து, 2013 பிப்ரவரியில் எல்லோருக்கும் திறந்துவிட்டபோது நிலைமை மாறியது. ஒரு டெராபைட்டுக்கு ஆண்டுக்கு 1,000 டாலருக்கும் குறைவாகவே ஆகும் என்றது அமேசான். உள்ளே இருந்தது பார்அக்செல் என்ற நிறுவனத்தின் தொழில்நுட்பம். அதன் வேர் போஸ்ட்கிரெஸ் என்ற திறந்த மூலத் தரவுத்தளத்தில் இருந்தது.

ரெட்ஷிஃப்ட் என்பது ஒற்றைக் கணினி அல்ல, ‘கணு’ எனப்படும் பல கணினிகள் சேர்ந்து இயங்கும் ஒரு கிளஸ்டர். தலைமைக் கணு ஒன்று கேள்வியை வாங்கி, அதைப் பல துண்டு வேலைகளாக்கிக் கணக்கிடும் கணுக்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். அவை தத்தம் பங்குத் தரவை ஒரே நேரத்தில் அலசி விடையை அனுப்பும்; தலைமைக் கணு எல்லாவற்றையும் சேர்த்துத் தரும். ஒவ்வொரு நெடுவரிசையும் 1 மெகாபைட் அளவுள்ள பாளங்களாகச் சேமிக்கப்படுகிறது. ஒவ்வொரு பாளத்திலும் உள்ள மிகச் சிறிய மதிப்பும் மிகப் பெரிய மதிப்பும் தனியே குறித்து வைக்கப்படுவதால், தேதிவாரியாக அடுக்கிய தரவில் நவம்பரைத் தேடும்போது ஜூன் மாதப் பாளங்களைத் திறக்காமலே தாண்டிவிடலாம்.

இவ்வளவும் அமேசானின் பொறுப்பு. ஆனால் அந்தக் கிளஸ்டரை எங்கே, எப்படி, யார் தொடும்படி எழுப்புவது என்பது வாடிக்கையாளரின் பொறுப்பு. தொல்லைகள் தொடங்குவதும் இங்கேதான்.

ஒரு கிளஸ்டருக்கு முதலில் தனி நெட்வொர்க் வேண்டும். அதற்குள் கணுக்கள் குடியிருக்கும் சப்நெட்டுகள் வேண்டும். 5439 என்ற போர்ட்டில் எந்த முகவரிகள் உள்ளே வரலாம் என்று சொல்லும் பாதுகாப்பு விதி வேண்டும். அமேசானின் எஸ்3 சேமிப்பகத்திலிருந்து தரவை எடுத்துவர அனுமதி, தரவைப் பூட்டும் மறையாக்கச் சாவி, அமைப்பு அளவுருக்களின் தொகுதி, யார் எப்போது என்ன கேட்டார்கள் என்று பதியும் இடம், காப்புப் பிரதிகளை எத்தனை நாள் வைத்திருப்பது என்ற முடிவு, நிர்வாகியின் கடவுச்சொல் என்று பட்டியல் நீள்கிறது. இணையத் திரையில் ஒவ்வொன்றாகச் சொடுக்கி இதை முடித்துவிடலாம், ஒரு முறை. பிறகு சோதனைக்கு இன்னொன்று, பயிற்சிக்கு மற்றொன்று, வேறு துறைக்கு வேறொன்று என்று கேட்கும்போது ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகப் பிறக்கும். ஏதோ ஓர் அவசரத்தில் பாதுகாப்பு விதியை உலகம் முழுவதற்கும் திறந்துவிட்டவர், ஆறு மாதம் கழித்து வேலையை விட்டுப் போயிருப்பார். அது ஏன் திறந்திருக்கிறது என்று சொல்ல அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். புதிய கிளஸ்டர்கள் பொது இணையத்துக்கு மூடியும் மறையாக்கத்தோடும் பிறக்க வேண்டும் என்பதை அமேசானே இயல்புநிலை ஆக்கியது 2025 ஜனவரியில்தான்.

இப்படிக் கையால் சொடுக்கி எழுப்புவதற்கான மாற்றுச் சிந்தனை கிளவுடுக்கும் முந்தியது. ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் இருந்த இயற்பியலாளர் மார்க் பர்ஜஸ் 1993-இல் ‘சிஎஃப்இன்ஜின்’ என்ற கருவியை எழுதினார். கணினிக்குப் படிப்படியாகக் கட்டளை போடாமல், அது இருக்க வேண்டிய நிலையை மட்டும் எழுதி வைப்பது அதன் அடிப்படை. கருவி இப்போதைய நிலையைப் பார்க்கும், குறைவதை மட்டும் சரிசெய்யும். மாடித் தொட்டியின் மிதவை வால்வு இப்படித்தான் வேலை செய்கிறது: எத்தனை முறை மோட்டாரைப் போட்டாலும் குறித்த மட்டத்துக்கு மேல் தண்ணீர் ஏறாது, தொட்டி நிறைந்திருந்தால் எதுவுமே நடக்காது. ஒரே விவரத்தை நூறு முறை இயக்கினாலும் முடிவு ஒன்றாகவே இருக்கும் என்ற இந்தப் பண்பு இல்லாவிட்டால், உள்கட்டமைப்பை எழுத்தில் வைப்பதற்குப் பொருளே இல்லை.

அமேசான் 2011-இல் தன் கிளவுடுக்கென்று ‘கிளவுட்ஃபார்மேஷன்’ என்ற இத்தகைய கருவியைக் கொண்டுவந்தது. மிட்செல் ஹாஷிமோட்டோவும் அர்மோன் தாட்கரும் தொடங்கிய ஹாஷிகார்ப் நிறுவனம் 2014-இல் வெளியிட்ட ‘டெர்ராஃபார்ம்’, எந்தக் கிளவுடுக்கும் ஒரே மொழியில் எழுதலாம் என்று வந்தது. இதில் எழுதுபவர் வரிசையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. கிளஸ்டரின் விவரத்தில் சப்நெட் தொகுதியின் பெயர் வருகிறதென்றால், சப்நெட் தொகுதி முதலில் பிறக்க வேண்டும் என்பதைக் கருவியே கண்டுகொள்ளும். எது எதைச் சார்ந்திருக்கிறது என்று ஒரு வலைப்படம் வரைந்து, ஒன்றையொன்று சாராதவற்றை இணையாகவும் சார்ந்தவற்றை அடுத்தடுத்தும் எழுப்பும்.

என் பார்வையில் டெர்ராஃபார்மின் பெரிய கொடை, அது செய்யும் வேலையைக் காட்டிலும் செய்வதற்கு முன் அது காட்டும் திட்டம். ‘பிளான்’ என்ற கட்டளையைக் கொடுத்தால் எது புதிதாக வரப்போகிறது, எது மாறப்போகிறது, எது அழியப்போகிறது என்று வரி வரியாக எழுதிக் காட்டும். கூட்டல் குறி புதியது, அலைக்குறி மாற்றம், கழித்தல் குறி அழிவு. கழித்தலும் கூட்டலும் சேர்ந்து வந்தால், இருப்பதை அழித்துவிட்டுப் புதிதாக எழுப்பப் போகிறது என்று பொருள். அந்தக் கடைசிக் குறியைப் பற்றி மீண்டும் பேச வேண்டியிருக்கிறது.

எழுத்தில் வைத்துவிட்டோம் என்றால், எழுதியதை நகலெடுத்து நான்கு இடங்களில் ஒட்டுவதுதான் அடுத்து எல்லோரும் செய்வது. சில மாதங்களில் நான்கும் நான்கு திசையில் போய்விடும். மாட்யூல் இதற்குத்தான் வருகிறது. ஒரு கிடங்குக்கான எல்லா உறுப்புகளையும் ஒரே பொதியாகக் கட்டி, மாறக்கூடியவற்றை மட்டும் உள்ளீடாகக் கேட்பது மாட்யூல். சோதனைக்கு ஒரு கணு, உற்பத்திக்கு நான்கு கணு என்று உள்ளீட்டை மாற்றிக் கொடுத்து அதே பொதியை அழைக்கலாம்.

மென்பொருளையும் திருகாணி போல ஆயத்த உறுப்புகளாகச் செய்து வைக்க வேண்டும் என்று டக்ளஸ் மக்கில்ராய் 1968-இல் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நடந்த நேட்டோ மாநாட்டில் வாதாடினார். எதை எந்த உறுப்புக்குள் வைப்பது என்ற கேள்விக்கு 1972-இல் டேவிட் பார்னாஸ் கொடுத்த விடை இன்றும் பழசாகவில்லை: வேலைகளின் வரிசைப்படி பிரிக்காதீர்கள், பின்னால் மாறக்கூடிய முடிவு ஒவ்வொன்றையும் ஓர் உறுப்புக்குள் மறைத்து வையுங்கள்.

கிடங்கு மாட்யூல்கள் பலவும் சறுக்குவது பார்னாஸின் இந்த விடையில்தான். ரெட்ஷிஃப்ட் ஏற்கும் அத்தனை அமைப்புகளையும் அப்படியே உள்ளீடாகத் திறந்துவிடுகிறார்கள். பயன்படுத்துபவர் மீண்டும் அதே நீண்ட பட்டியலை நிரப்ப வேண்டியிருக்கிறது. மாட்யூல் எந்த முடிவையும் சுமக்கவில்லை. நல்ல மாட்யூல் கேட்கும் கேள்விகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். பெயர் என்ன? சோதனைக்கா, உற்பத்திக்கா? எந்த வகைக் கணு, எத்தனை? யார் யார் இணைவார்கள்? காப்புப் பிரதி எத்தனை நாள்? மறையாக்கம் வேண்டுமா என்று அது கேட்கக் கூடாது. பொது இணையத்துக்குத் திறக்கட்டுமா என்றும் கேட்கக் கூடாது. ஒரு நிறுவனம் பட்டுத் தெரிந்துகொண்ட முடிவுகள் மாட்யூலின் உள்ளே இருக்க வேண்டும், புதிதாகச் சேர்ந்தவர் முதல் நாளிலேயே அவற்றோடு வேலை செய்யும்படி.

2017 பிப்ரவரி 28 அன்று வடக்கு வர்ஜீனியாவில் நடந்ததை இதற்குச் சான்றாகச் சொல்வேன். அமேசானின் எஸ்3 குழுவில் ஒருவர், வழக்கமான செயல்முறைக் குறிப்பின்படி சில சர்வர்களை நீக்கக் கட்டளை கொடுத்தார். உள்ளீடு ஒன்று பிழையாகிப்போக, நினைத்ததைவிட மிகப் பெரிய தொகுதி நீங்கியது. எஸ்3-ஐ நம்பியிருந்த எத்தனையோ இணையத்தளங்கள் சுமார் நான்கு மணி நேரம் தடுமாறின. அதன்பின் அமேசான் தன் கருவியையே திருத்தியது: இனி அது மெதுவாகத்தான் நீக்கும், ஒரு குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போக மறுக்கும். சரியான இடத்தில் செய்த திருத்தம் அது. கவனமாக இருங்கள் என்ற அறிவுரை அடுத்த அவசரத்தில் மறந்துபோகும். கருவிக்குள் எழுதிய வரம்பு மறக்காது.

தரவுக் கிடங்கில் இந்த வரம்பு இன்னும் முக்கியம். இணையத்தளத்தின் சர்வர் அழிந்தால் அதே எழுத்திலிருந்து இன்னொன்றை எழுப்பலாம், யாருக்கும் வேறுபாடு தெரியாது. கிடங்கை எழுப்பினால் வெறும் கட்டடம்தான் வரும். உள்ளே இருந்த ஐந்தாண்டுச் சீட்டுகள் எந்த எழுத்திலும் இல்லை. ‘கால்நடைகளைப் போல நடத்துங்கள், செல்லப் பிராணிகளைப் போல அல்ல’ என்று கிளவுட் பொறியாளர்கள் சர்வர்களைப் பற்றிச் சொல்லும் புகழ்பெற்ற அறிவுரை இங்கே செல்லாது.

ஒருவர் கிளஸ்டரின் பெயரை மாற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அமேசானின் திரையில் பெயரை மட்டும் மாற்ற வழி உண்டு. டெர்ராஃபார்மிலோ, பெயர் மாறினால் பழைய கிளஸ்டரை அழித்துப் புதியதை எழுப்பும் திட்டமே வரும். திரையில் நான் முன்பு சொன்ன அந்தக் கழித்தல்-கூட்டல் குறி தோன்றும். நீண்ட திட்டத்தின் நடுவில் அந்த ஒரு வரியைக் கவனிக்காமல் ‘யெஸ்’ என்று தட்டினால் போதும். ரெட்ஷிஃப்ட் தானாக எடுக்கும் காப்புப் பிரதிகள் காப்பாற்றும் என்று நினைக்க வேண்டாம். கிளஸ்டரை அழிக்கும்போது அவையும் சேர்ந்து அழிந்துவிடும். நிற்பவை, மனிதர் கேட்டு எடுத்த பிரதிகளும், அழிக்கும் தறுவாயில் எடுக்கும் இறுதிப் பிரதியும்தான். அந்த இறுதிப் பிரதியைத் தவிர்க்க ஓர் அமைப்பு இருக்கிறது. சோதனைக் கிளஸ்டர்களை அடிக்கடி அழித்துக் கட்டுபவர்கள் வசதிக்காக அதை ‘ஆம்’ என்று வைப்பார்கள். அந்த ‘ஆம்’ மாட்யூலுக்குள் தங்கி உற்பத்திக் கிளஸ்டர் வரைக்கும் போய்விட்டால், திரும்பக் கொண்டுவர எதுவும் மிஞ்சாது.

அழிவைத் தடுக்கும் பூட்டு ஒன்றும் டெர்ராஃபார்மில் இருக்கிறது. ஆனால் அதன் மதிப்பை உள்ளீட்டின் வழியே கொடுக்க முடியாது, நேரடியாக எழுதியே வைக்க வேண்டும். ஆகவே ‘உற்பத்தியில் மட்டும் பூட்டு’ என்று ஒரே மாட்யூலில் சொல்ல இயலாது. சிலர் இரண்டு மாட்யூல் வைத்துக்கொள்கிறார்கள், சிலர் பூட்டை எப்போதும் போட்டே வைக்கிறார்கள். சோதனைக் கிளஸ்டரை அழிப்பது கொஞ்சம் சிரமமாக இருக்கட்டும் என்ற இரண்டாவது கட்சிதான் எனக்குச் சரியாகப் படுகிறது. அதுகூட முழுக் காவல் அல்ல. பூட்டு எழுதப்பட்டிருக்கும் பகுதியையே யாராவது நீக்கிவிட்டால் பூட்டும் கூடவே போய்விடும். அதனால் அழிக்கும் அனுமதியை அமேசானின் அனுமதி விதிகளிலேயே மறுத்துவைப்பது நல்லது.

இன்னொரு காவல், ஸ்டேட் கோப்புக்கு. தான் எழுப்பியவை எவை என்பதை டெர்ராஃபார்ம் அந்தக் கோப்பில்தான் நினைவு வைத்திருக்கிறது. அதை ஒருவரின் மடிக்கணினியில் விடாமல் குழுவுக்குப் பொதுவான சேமிப்பகத்தில் வைத்து, இரண்டு பேர் ஒரே நேரத்தில் தொடாதபடி பூட்ட வேண்டும். நிர்வாகியின் கடவுச்சொல்லை உள்ளீடாகக் கொடுத்தால் அது இந்தக் கோப்பில் அப்படியே படிக்கும்படி கிடக்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. கடவுச்சொல்லை அமேசானின் ரகசியப் பெட்டகமே உருவாக்கிக் காக்கும்படி மாட்யூலில் எழுதிவிட்டால் இந்தக் கவலை இல்லை.

எழுத்துக்கும் நடப்புக்கும் இடையே விலகல் வருவதும் உண்டு. மாதக் கடைசி நெருக்கடியில் ஒருவர் திரைவழியே இரண்டு கணுக்களைக் கூட்டியிருப்பார். மறுநாள் வேறொருவர் சின்ன மாற்றம் ஒன்றுக்காக மாட்யூலை இயக்கினால், அந்த இரண்டையும் குறைக்கும் திட்டம் வரும். நாள்தோறும் திட்டத்தை மட்டும் ஓட்டிப் பார்த்து, விலகலைக் கண்டால் குழுவுக்குச் சொல்லும் ஏற்பாடு பல இடங்களில் இருக்கிறது. இதே காரணத்தால் அட்டவணைகளையும், எந்த நெடுவரிசையை வைத்துத் தரவைக் கணுக்களுக்குப் பங்கிடுவது என்பதையும் இந்த மாட்யூலில் சேர்க்காமல் இருப்பது நல்லது. அவை வாரந்தோறும் மாறும், அவற்றுக்கு வேறு கருவிகள் இருக்கின்றன.

கருவியின் வருங்காலத்தைப் பற்றியும் ஒரு சொல். 2023 ஆகஸ்டில் ஹாஷிகார்ப் டெர்ராஃபார்மின் திறந்த உரிமத்தைக் கைவிட்டபோது, பழைய உரிமத்திலிருந்த நிரலை எடுத்து ‘ஓப்பன்டோஃபு’ பிறந்தது. லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் அது வளர்கிறது. ஹாஷிகார்ப்பை ஐபிஎம் வாங்கி முடித்தது 2025-இல். மாட்யூல்கள் பெரும்பாலும் இரண்டிலும் ஓடுகின்றன.

எழுதிய மாட்யூல் உண்மையில் பயன்படுமா என்று அறிய ஒரே வழி, ஒரு காப்புப் பிரதியின் பெயரை உள்ளீடாகக் கொடுத்து வேறொரு பெயரில் முழுக் கிடங்கையும் எழுப்பிப் பார்ப்பதுதான். இதை ஆண்டுக்கு ஒரு முறையாவது செய்ய வேண்டும். மீட்பு முடியும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை: கிளஸ்டர் சில நிமிடங்களில் கேள்விகளை ஏற்கத் தொடங்கிவிடும், கேட்கப்படும் பாளங்கள் எஸ்3-இலிருந்து முதலில் இறங்கும், மற்றவை பின்னணியில் வந்து சேரும். அந்த நேரத்தில் மழை மாத வருமானத்தைக் கேட்டு, பழைய கிடங்கு தரும் எண்ணோடு ஒப்பிட்டுவிடலாம்.