கட்டம் போட்ட தாள் – 9: கிராஸிங் எங்கே?

பாசஞ்சர் ரயில் ஏதோ ஒரு சின்ன ஸ்டேஷனில் நின்று நகராமல் கிடந்தால், பெட்டியில் ஒருவராவது "கிராஸிங் போட்டுட்டான்" என்பார். எதிரே எக்ஸ்பிரஸ் தடதடவென்று கடந்த பிறகுதான் நமக்கு சிக்னல் விழும். விழுப்புரம்–மயிலாடுதுறை போன்ற ஒற்றைத் தடத்தில் இதெல்லாம் சகஜம். ஆனால் அந்த ஸ்டேஷன்தான் என்று முடிவு செய்வது எப்படி? ஒன்பதாம் வகுப்பில் நாம் போட்ட நேர்கோட்டு வரைபடத்தை வைத்துத்தான்.

ரயில்வே கோட்டங்களின் கட்டுப்பாட்டு அறையில் செக்‌ஷன் கன்ட்ரோலர் என்று ஒருவர் இருப்பார். அவர் முன்னால் கட்டம் போட்ட ஒரு பெரிய சார்ட். கிடைமட்டமாக நேரம், செங்குத்தாக ஸ்டேஷன்கள். வண்டி எந்த ஸ்டேஷனை எப்போது கடந்தது என்று ஸ்டேஷன் மாஸ்டர் போனில் சொல்லச் சொல்ல, அவர் புள்ளி வைத்துக் கோடு இழுப்பார். இன்று பென்சிலும் ஸ்கேலும் போய் கம்ப்யூட்டர் திரை வந்துவிட்டது. கோடுகள் அதேதான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். எண்கள் கணக்குக்காகத்தான், டைம்டேபிளில் தேட வேண்டாம். 120 கிலோமீட்டர் ஒற்றைத் தடம். காலை 6 மணிக்கு இந்த முனையிலிருந்து எக்ஸ்பிரஸ் 60 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. 7 மணிக்கு அந்த முனையிலிருந்து பாசஞ்சர், வேகம் 40. ஆறு மணியிலிருந்து நேரத்தையும் இந்த முனையிலிருந்து தூரத்தையும் அளந்தால், எக்ஸ்பிரஸுக்கு தூரம் = 60 × நேரம். பாசஞ்சருக்கு தூரம் = 160 − 40 × நேரம். முதல் கோடு ஆதிப்புள்ளியிலிருந்து மேலே ஏறுகிறது, இரண்டாவது இறங்கி வருகிறது. சாய்வு என்று மனப்பாடம் செய்தோமே, அது இங்கே வண்டியின் வேகம். குறைக்குறி வந்தால் எதிர்த்திசை. செங்குத்தாக ஒரு கோடு கிழித்தால்? ஒரே நொடியில் எல்லா ஸ்டேஷனிலும் நிற்கிற ரயில் அது. எந்தக் கன்ட்ரோலரும் அதை வரைய மாட்டார்.

அந்த 160 எங்கிருந்து வந்தது? பாதையே 120தானே! பாசஞ்சரின் கோட்டை ஆறு மணி வரை பின்னால் நீட்டினால் கிடைக்கிற எண் அது. அங்கே தண்டவாளம் கிடையாது. எக்ஸுக்கு முதலில் பூஜ்யம் போடு என்று வகுப்பில் பழக்கிவிடுகிறோம். புள்ளி சுலபமாகக் கிடைக்கும், சரி. ஆனால் கோட்டின் எந்தப் பகுதிக்கு அர்த்தம் உண்டு, எதற்குக் கிடையாது என்று கேட்கப் பழக்குவதில்லை. அளவுத்திட்டம் எழுதாவிட்டால் மட்டும் மார்க் குறைப்போம்.

இரண்டு கோடுகளும் வெட்டும் இடம் 7.36 மணி, 96வது கிலோமீட்டர். சமன்பாட்டைத் தீர்த்தாலும் இதே விடைதான். பரீட்சையில் இதோடு முழு மார்க். தண்டவாளத்திலோ இந்த விடை ஒரு விபத்து. 96வது கிலோமீட்டரில் ஸ்டேஷன் இல்லை. ஒரே தடத்தில் இரண்டு வண்டிகளும் நேருக்கு நேர்.

பக்கத்தில் ஸ்டேஷன்கள் 90லும் 100லும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 90ல் கிராஸிங் என்றால் எக்ஸ்பிரஸ் 7.30க்கு வந்து, 7.45க்கு வரும் பாசஞ்சருக்காகக் கால்மணி நேரம் காத்திருக்க வேண்டும். 100ல் என்றால் பாசஞ்சர் 7.30க்கு வந்து நிற்கும், எக்ஸ்பிரஸ் 7.40க்கு நிற்காமல் போய்விடும். பத்து நிமிடம்தான் நஷ்டம், அதுவும் பாசஞ்சருக்கு. எப்போதும் போல! சார்ட்டில் பாசஞ்சரின் கோடு அந்தப் பத்து நிமிடமும் படுக்கையாகக் கிடக்கும், பிறகு பழைய கோட்டுக்கு இணையாக, பத்து நிமிடம் வலப்பக்கம் தள்ளி, மறுபடி இறங்கும். பத்து மணிக்கு வர வேண்டிய வண்டி 10.10க்கு வரும்.

இயற்கணிதத்தில் போட்ட விடையைச் சரிபார்க்கத்தான் வரைபடம் என்பது நம் பாடமுறையின் நினைப்பு. எனக்கு இதில் உடன்பாடில்லை. சமன்பாடு 96 என்ற ஒற்றை எண்ணைத் தந்துவிட்டு வேலையை முடித்துக்கொள்கிறது. அந்த எண் உதவாதபோது இந்தப் பக்கம் போனால் என்ன ஆகும், அந்தப் பக்கம் போனால் என்ன ஆகும் என்பதையும், பின்னால் வரும் நான்கு வண்டிகள் எங்கே மாட்டும் என்பதையும் தாள் ஒரே பார்வையில் காட்டிவிடுகிறது.

இந்த முறை பழையது. பிரெஞ்சு உடலியல் அறிஞர் எத்தியென்-ழூல் மாரே, வரைபட முறை பற்றிய தன் புத்தகத்தில் பாரிஸ்–லியோன் ரயில்களை இப்படி வரைந்த ஒரு படத்தைச் சேர்த்து, அதை இப்ரி என்ற எஞ்சினியரின் முறை என்று குறிப்பிட்டார். மேலே பாரிஸ், கீழே லியோன், நடுவில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள். கோடு எவ்வளவு செங்குத்தோ அவ்வளவு வேகம். 1983ல் எட்வர்ட் டஃப்டி எழுதிய புகழ்பெற்ற புத்தகத்தின் அட்டையில் இடம்பிடித்தது இந்தப் படம்தான்.

ஓர் இடத்தில் மட்டும் நம் கணக்கு ஏமாற்றுகிறது. நின்ற பாசஞ்சர் சிக்னல் விழுந்த கையோடு 40 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டுவிடாது. முக்கி முனகி மெல்லத்தான் வேகம் பிடிக்கும். படுக்கைக் கோடு சாய்கோடாக மாறுகிற அந்த முனையை உருப்பெருக்கிப் பார்த்தால் முனையே இருக்காது, வளைவு இருக்கும். வளைவுக்குச் சாய்வு எப்படிக் கண்டுபிடிப்பது என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)