மயிரிழை இடைவெளியும் நுண்செயலியின் சூடும்

சித்திரை வெயிலில் திருவண்ணாமலைக் கோயிலின் வெளிப் பிராகாரத்தில் நடந்தவர்களுக்கு ஓர் உண்மை நன்கு தெரியும். கருங்கல் தரையில் வெறுங்காலை வைக்க இயலாது. அதே தரையின்மீது தென்னை நார் விரிப்பைப் போட்டுவிட்டால் நடந்துவிடலாம். விரிப்பு அப்படியொன்றும் கனமானதன்று. ஆயினும் அதன் நார்களுக்கிடையே காற்று தங்கியிருக்கிறது. காற்றோ வெப்பத்தை எளிதில் கடத்தாது. நம் பாதத்தைக் காக்கும் இந்தக் காற்றுதான் கணிப்பொறிக்குள் பெரும் பகையாகிவிடுகிறது. அந்தப் பகையை வெல்ல உப்புத்தாளும் சவர பிளேடும் கொண்டு புறப்பட்டவர்களைப் பற்றியதே இக்கட்டுரை.

முதலில் ஒரு கணக்கு. இன்டெல் நிறுவனம் 2012-இல் வெளியிட்ட ஐ7-3770கே என்னும் நுண்செயலியின் வெப்ப அளவு 77 வாட். 77 வாட் என்ன பெரிது, பழைய குண்டு பல்பு அளவுதானே என்று தோன்றும். ஆனால் அதன் சிலிக்கன் சில்லின் பரப்பு 160 சதுர மில்லிமீட்டர் மட்டுமே. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 48 வாட்! வீட்டிலுள்ள 1000 வாட் இஸ்திரிப் பெட்டியின் அடிப்பரப்பை 200 சதுர சென்டிமீட்டர் என்று கொண்டால் அங்கே கிடைப்பது 5 வாட்டுதான்.

இந்த வெப்பம் எவ்வழியே வெளியேறுகிறது? சில்லின்மேல் ஒரு பசை அல்லது பற்றாசு. அதன்மேல் நிக்கல் முலாம் பூசிய செம்பு மூடி. மூடியின்மேல் மீண்டும் பசை. பிறகு துடுப்புகள் கொண்ட வெப்பநீக்கி, விசிறி, அறைக்காற்று. மின்னோட்டத்துக்கு ஓமின் விதி எப்படியோ, அப்படியே வெப்பத்துக்கும் ஒரு விதி உண்டு. ஒவ்வோர் அடுக்கும் ஒரு தடை. ஒவ்வொரு தடையைக் கடக்கவும் சில பாகை வெப்பநிலை வேறுபாடு தேவை. அடுக்கின் தடிமன் கூடினால் தடை கூடும். கடத்துதிறன் கூடினால் தடை குறையும்.

கடத்துதிறன்களைப் பாருங்கள். வழக்கமான அலகில் செம்புக்கு 400, சிலிக்கனுக்கு 150, இண்டியம் என்னும் மென்மையான உலோகத்துக்கு 80. நல்ல வெப்பப் பசைக்குச் சற்றேறக்குறைய 4, காற்றுக்கோ 0.026 மட்டுமே. மேற்சொன்ன சில்லின்மேல் ஒரு மயிரிழைப் பருமனுக்கு, அதாவது 0.1 மில்லிமீட்டர் அளவுக்குப் பசை இருந்தால் அதைக் கடக்கவே 12 பாகை செலவாகும். அதே தடிமனில் இண்டியம் இருந்தால் ஒரு பாகைகூட ஆகாது. காற்று அதில் பத்தில் ஒரு பங்கு தடிமனுக்குப் பரப்பு முழுவதும் நின்றுவிட்டால்? கணக்கு 185 பாகை என்கிறது. சில்லு அதற்குள் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும் என்பது வேறு செய்தி.

ஆகவே கைவேலைக்காரர்கள் முதலில் கை வைத்தது செம்பு மூடியின் மேல்முகத்தில். பார்வைக்குச் சமதளமாகத் தோன்றும் அந்த முகம் உண்மையில் சற்றே குழிந்தோ குவிந்தோ இருக்கும். சவர பிளேடின் விளிம்பை அதன்மேல் நிறுத்தி விளக்குக்கு நேரே பிடித்தால், ஒளி கசியும் இடமே பள்ளம். தடித்த கண்ணாடிப் பலகையின்மேல் நீர் தெளித்த வாட்டர் பேப்பரை ஒட்டி, 400-ஆம் எண் தாளில் தொடங்கி 2000 வரை படிப்படியாக நுண்மையாக்கித் தேய்ப்பார்கள். நிக்கல் தேய்ந்து செம்பு நிறம் தெரியத் தொடங்கும். முதலில் செம்பு தலைகாட்டும் இடமே மேடு.

இது நம் பக்கத்துக்குப் புதிய கலையன்று. ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்திலுள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கியின் ஆடியும் இதே நெறியில், மேலும் மேலும் நுண்ணிய பொடிகளால் தேய்த்து உருவாக்கப்பட்டதுதான். பெங்களூரில் ஏ. பி. ஜெயராஜன் அப்பணியை நடத்தினார். 1986 ஜனவரியில் தொலைநோக்கி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஆடிக்கு ஒளியின் அலைநீளத்தில் சிறு பங்களவு துல்லியம் வேண்டும். செயலி மூடிக்கு அத்தனை வேண்டியதில்லை; கண்ணாடிபோல் பளபளக்க வைப்பது பெரும்பாலும் ஆசைக்குத்தான். பளபளப்பு வேறு, சமதளம் வேறு. இந்த உழைப்பின் பயனும் சில பாகைகளே.

பெரிய இலாபம் மூடிக்கு அடியில் இருந்தது. 2011-இன் சாண்டி பிரிட்ஜ் செயலிகளில் சில்லையும் மூடியையும் பற்றாசு இணைத்தது. அடுத்த ஆண்டு ஐவி பிரிட்ஜ் செயலிகளில் இன்டெல் பசைக்கு மாறியது. வேகத்தை உயர்த்திப் பார்த்தவர்கள் சூடு ஏறுவதைக் கண்டனர். பசை மட்டம் என்று எண்ணிச் சிலர் மூடியைப் பிளேடால் அறுத்துத் திறந்து பசையை மாற்றினர். 10 முதல் 20 பாகை வரை குறைந்தது. ஆனால் நுணுகி ஆராய்ந்தபோது, முதற்குற்றவாளி வேறு என்று தெரிந்தது. மூடியின் ஓரத்தை ஒட்டிய சிலிக்கோன் பிசின் மூடியைச் சற்றே தூக்கிப் பிடித்திருந்தது. அதனால் பசையின் அடுக்கு தடித்துவிட்டது. பிசினைச் சுரண்டியதும் இடைவெளி சுருங்கியது. மேலே போட்ட கணக்கில் தடிமனைப் பாதியாக்கிப் பாருங்கள், விளங்கும்.

2018-இல் வந்த ஐ9-9900கே செயலியில் பற்றாசு திரும்பி வந்தது. ஆயினும் ஜெர்மானியர் ரோமன் ஹார்ட்டுங் அதைத் திறந்து அளந்தபோது, சில்லு 0.87 மில்லிமீட்டர் தடிமன் இருந்தது. முந்தைய தலைமுறையில் 0.42 மட்டுமே. அவர் துணிந்து சிலிக்கனையே தேய்த்தார். வெப்பநிலை மேலும் இறங்கியது. மின்சுற்று சில்லின் அடிமுகத்தில் இருப்பதால் முதுகைத் தேய்த்தாலும் சில்லு பிழைக்கிறது. 2020-இல் பத்தாம் தலைமுறை உயர்ரகச் செயலிகளில் இன்டெல் நிறுவனமே சில்லை மெலிதாக்கிச் செம்பு மூடியைத் தடிப்பாக்கியது. சிலிக்கனைவிடச் செம்பு இரண்டரை மடங்குக்கு மேல் நன்றாகக் கடத்தும் அல்லவா?

மாணவர்கள் இதைச் செய்து பார்க்கலாமா? கெட்டுப்போன பழைய செயலியில் மூடியைத் தேய்த்துப் பார்ப்பதில் தவறில்லை; கடையில் அவை மலிவாகக் கிடைக்கும். திறப்பது வேறு. பிளேடு ஆழமாய்ப் போனால் பலகையிலுள்ள நுண்கம்பித் தடங்கள் அறுந்துபோகும். பற்றாசு இட்டவற்றை அப்படியே நெம்பினால் சில்லே பிளக்கும். பசைக்குப் பதில் காலியம் கலந்த திரவ உலோகத்தை இடுவோர் உண்டு. காலியம் 29.8 பாகையில் உருகுவது; வேங்கிக்காலின் கோடைப் பகலில் தானாகவே திரவமாய் நிற்கும். அது அலுமினியத்தைத் தொட்டால் அரித்து நொறுக்கிவிடும்; சில்லைச் சூழ்ந்த மின்தேக்கிகளின்மேல் சிந்தினால் குறுக்குச்சுற்றுதான். உத்தரவாதமும் போய்விடும்.

வீட்டுக் கணிப்பொறி சூடாகிறது என்பவர்களுக்கு என் யோசனை எளியது. துடுப்புகளிலுள்ள தூசியை ஊதி எடுங்கள். பல ஆண்டுகளில் காய்ந்து பொருக்கான மேற்பசையைத் துடைத்துவிட்டுப் பட்டாணி அளவு புதுப் பசை இடுங்கள். கூடுதலாக அப்பிவிடாதீர்கள், பசை இருக்க வேண்டியது பள்ளங்களை நிரப்பும் அளவுக்கு மட்டுமே.